மாட்டைக் கேட்டுச் சேலம் போன கதை

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அவமானம். ராசிபுரத்தை விட்டுச் சேலத்துக்குக் குடிபோகலாமா வேண்டாமா என்று, ஊரில் படித்தவர்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டு, ஒரு ஜோடி மாட்டிடம் யோசனை கேட்டவன் நான்.

ஆனால் அந்த மாடுகளை ஓட்டியவரைப் போல ஒரு மனிதர் சேலம் ஜில்லாவில் அதற்கு முன் பிறந்ததில்லை. அப்புறம் பிறக்கச் சர்க்கார் விட்டிருக்காது. அவர் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ‘ரெண்டுபக்கம்’ என்று கேட்டால் தெருநாய்கூட வீட்டைக் காட்டும். சாமான் ஏற்றிக் குடும்பங்களை ஊர் மாற்றிவிடுவது தொழில். எந்த விஷயத்திலும் ஒரு பக்கம் மட்டும் பேசமாட்டார். இரண்டு பக்கமும் பேசியாக வேண்டும். அதையும் தாம் பேசுவதில்லை, மாடுகள் பேசும்.

நுகத்தில் வலப்பக்கம் பூட்டும் மாடு வலத்தான், இடப்பக்கம் பூட்டுவது இடத்தான். வலத்தான் பட்டணத்துக் கட்சி; இடத்தான் சொந்த ஊர்க் கட்சி. ரெண்டுபக்கம் நடுவில் குந்திக்கொண்டு, அவன் என்ன சொல்கிறான், இவன் என்ன பதில் கொடுக்கிறான் என்று நமக்கு எடுத்துச் சொல்வார். தமக்கு இதில் சம்பந்தமே இல்லை என்பது போல முகத்தை வைத்துக்கொள்வார்.

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்கு நாமக்கல்லுக்கு மாற்றலாயிற்று. சர்க்கார் உத்தரவை இடத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. வாத்தியார் பஸ் ஏறிப் போய்விட்டார். வலத்தான் சமாதானம் பேசி முடித்த பிறகுதான் அவருடைய கட்டில் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு குடும்பம் மூட்டை முடிச்சோடு சேலம் பாதையில் மல்லூர் வரை போய்விட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்திய இடத்தில் வாதம் மறுபடி கிளம்பிற்று. மாமியார் இடத்தான் கட்சி, மருமகள் வலத்தான் கட்சி. வண்டி திரும்பி வந்தது. பொங்கல் வரை மாமியாரும் மருமகளும் முகம் பார்க்கவில்லை. மாடுகள் என்னவோ ஒரே தொட்டியில்தான் தண்ணீர் குடித்தன.

என் வழக்குக்கு வருகிறேன். மேட்டூர் அணை கட்டி முடித்த புதிது. ராசிபுரத்து ஜவுளிக்கடை ஒன்றில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பெரிய கடைக்காரர், திங்கட்கிழமை வந்து நின்றால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லியனுப்பினார். என் மனைவி பாவாயிக்கு அப்போது ஆறாம் மாசம், தலைப்பிரசவம். சேலத்தில் டாக்டரம்மா இருக்கும் ஆஸ்பத்திரி உண்டு; ராசிபுரத்தில் அடுத்த தெருவிலேயே அவளைப் பெற்றவள் உண்டு. எந்தப் பக்கம் போவது? ரெண்டுபக்கத்தைக் கேட்டுவிடலாம் என்றேன்.

“ஏனுங்க, புள்ள பெக்கப்போறது நானு. நீங்க மாட்டைக் கேட்டுப்போட்டு வாரேங்கறீங்க?” என்றாள் பாவாயி. ஆனாலும் கூட வந்தாள்.

வலத்தான் தொடங்கினான். தெருமுனையில் குழாய், திருகினால் தண்ணீர். எண்ணெய் ஊற்றாமல் எரியும் விளக்கு. பேசுகிற சினிமா. இடத்தான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. குழாய் இருக்கிறது சரி, குழாயடியில் குடம் வைக்க இடம் இருக்கிறதா? அந்த விளக்கைப் போட்டால் தெரியப்போவது பக்கத்து வீட்டுச் சுவர்தானே? வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரிடம் பல்லிளிக்க வேண்டும். ராசிபுரத்து நெய் தின்ற நாக்கு அங்கே என்ன செய்யும்?

“மோரைக்கூட வெலைக்கு வாங்கற ஊருக்கு எதுக்குப் போறீங்கன்னு கேக்கறானுங்க, சாமி” என்றார் ரெண்டுபக்கம்.

அப்போது பாவாயி, அதுவரை என்னிடம்கூட வாய்விட்டுச் சொல்லாததைச் சொன்னாள். முந்தின வருஷம் அவள் அக்காவுக்கு ஊரிலேயே பிரசவம். பிள்ளை தங்கவில்லை, அக்கா பிழைத்ததே பெரிது. “எனக்குப் பயமா இருக்குதுங்க” என்றாள், மாடுகளைப் பார்த்து.

 அதை வலத்தான்கூடத் தன் கட்சிக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. ரெண்டுபக்கம் சாட்டைக் கயிற்றை முறுக்கினார். “ரெண்டு பேரும் யோசிக்கறாங்க. ஞாயித்துக்கெழம வெடியால எந்திரிச்சு நின்னாங்கன்னா போலாம்” என்றார்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. இடத்தானைச் சரிக்கட்டிவிட்டால் தீர்ந்ததே! சனிக்கிழமை சாயங்காலம், ரெண்டுபக்கம் கிணற்றடிக்குப் போன சமயம் பார்த்து, பருத்திக்கொட்டையும் புண்ணாக்குமாக ஒரு கூடை கொண்டுபோனேன். நுகத்தில் பூட்டும் வரிசையிலேயேதான் மாடுகளைக் கட்டியிருப்பார். இரண்டும் ஒரே வெள்ளை. தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்று, என் இடது கைப் பக்கம் நின்ற மாட்டுக்குக் கூடையைக் கவிழ்த்தேன். அது மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் காலை போனால், ஒரு மாடு வயிறு உப்பிப் படுத்துக் கிடந்தது. ரெண்டுபக்கம் மூங்கில் குழாயால் அதன் வாயில் ஓமமும் பெருங்காயமும் கலந்த எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார். படுத்திருந்தது வலத்தான். இடத்தான் நின்றுகொண்டு என்னைப் பார்த்து நிதானமாக அசைபோட்டான்.

“எங்க நின்னு வெச்சீங்க?” என்றார் ரெண்டுபக்கம், தலை நிமிராமலே.

“மாட்டுக்கு முன்னாலீங்க.”

 எதிரே நின்றால் என் இடது கை மாட்டுக்கு வலது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மற்ற வண்டிகளெல்லாம் சந்தைக்குப் போய்விட்டிருந்தன. இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமா என்று இழுத்தேன். பாவாயி தகரப் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “நீங்க யோசிச்சுட்டு இருங்க. நான் நடந்தே போறனுங்க” என்றாள்.

ரெண்டுபக்கம் அவளைப் பார்த்தார். எழுந்து தலைப்பாகையை இறுக்கினார். ஒரு சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, இடத்தானைப் பூட்டி, நுகத்தின் மறுமுனைக்குக் கீழே தம் தோளைக் கொடுத்தார்.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நான் பின்னால் தள்ளினேன். வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்த பாவாயி, “மாட்டை மெதுவா நடக்கச் சொல்லுங்க” என்றாள். எந்த மாட்டை என்று சொல்லவில்லை. ஊர்க்கோடியில் அவர் மச்சான் பட்டியில் வேறொரு மாடு இரவல் கிடைக்கும் வரை, அந்த ஜோடிதான் இழுத்தது.

சேலத்தில் பெண் பிறந்தது. பிரசவம் கஷ்டம்தான், டாக்டரம்மா கைக்கு எங்கள் வீட்டில் இன்றும் கும்பிடு உண்டு. குழந்தையைப் பார்க்க ரெண்டுபக்கம் ஒரு தூக்குப்போசி நெய்யோடு வந்தார். இடத்தான் கொடுத்தனுப்பினானாம். எந்தக் குடும்பத்து வழக்கிலும் ஒரு பக்கமும் சாயாதவர், அன்றைக்கு மட்டும் எங்களுக்காக ஏன் தோள் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

குழந்தையின் விரலை விடாமலே சொன்னார்:

“வலத்தான் எடம் காலியா இருந்துச்சுங்க.”