சூசையப்பனை அனுப்புகிற வேலை

சாம்பார் அன்றைக்கும் போன அளவு குறையாமல் திரும்பி வந்தது.

மேசையில் இருந்த சென்னைக் குடும்பம் இட்லியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. குடும்பத்தலைவர் மட்டும் எழுந்து வந்து, "பக்கத்து எஸ்டேட்ல மருந்து எதுவும் தெளிக்கிறாங்களாம்மா? சாம்பார்ல அந்த வாசனை வருது" என்று அஞ்சுவிடம் அக்கறையாக விசாரித்தார்.

"இல்ல சார், அது பெருங்காயம்."

"ஓ" என்றவர், போய் மனைவியிடம் ஏதோ சொல்ல, அந்த அம்மாள் சர்க்கரைக் கிண்ணத்தைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள்.

சாந்தன்பாறையில் ஏலக்காட்டுக்கு நடுவே இருந்த அந்த ஹோம்ஸ்டேக்கு அஞ்சு மேனேஜராக வந்து அதிக நாளாகவில்லை. அதற்கு முன்னால் கொச்சியில் ஒரு பெரிய கம்பெனியில் எச்.ஆர். கடைசி இரண்டு வருஷமாக அங்கே அவளுக்கு ஒரே வேலை. ஆட்களைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, உட்காரவைத்து, நாளையிலிருந்து வேலை இல்லை என்பதை மெதுவாகச் சொல்லுவது. அதற்கென்று அவளே ஒரு பேச்சுத் தயாரித்திருந்தாள். 'உங்கள் திறமைக்கு இந்த இடம் சிறியது' என்று தொடங்கும். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் நன்றி சொல்லிவிட்டுப் போனதால், எல்லாக் கிளைகளிலும் அதையே சொல்ல உத்தரவாயிற்று.

ஒருநாள், அவளிடம் தொழில் பழகிய பெண் அவளையே அந்த அறைக்குக் கூப்பிட்டு, ஒரு வார்த்தை பிசகாமல் அதைச் சொன்னாள். "'சிறியது'ன்னதும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும்மா" என்று அஞ்சு திருத்தினாள். நன்றியும் சொல்லிவிட்டு வந்தாள்.

பள்ளிவாசல் என்ற ஊரில் இருந்த அம்மா வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் கண்ணாடி அறைக்குள் யாராவது உட்கார்ந்திருந்தார்கள். அதனால் இந்த வேலை அமைந்தபோது சம்பளம் பாதி என்றாலும் ஒப்புக்கொண்டாள். காடு, பனி, விருந்தாளிகள். யாரையும் போகச் சொல்லத் தேவையில்லை. அவர்களாகவே அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அன்று காலை, முதலாளி ஏசுரத்தினம் அவளை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் பக்கமாகக் கூட்டிப்போனார். அவர் யாரையும் கடிந்து பேசியறியாதவர். வழியில் படுத்திருக்கும் நாயிடம்கூட, "கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கயேன்" என்பார். அது தள்ளாவிட்டால் சுற்றிக்கொண்டு போவார்.

"அஞ்சு, ஒன்ன எதுக்கு எடுத்தேன் தெரியுமா?"

"மேனேஜர் வேலைக்குங்கய்யா."

"அதுதாம்மா. மேனேஜரா இருந்து இந்தச் சமையக்காரன் சூசையப்பனை அனுப்பணும். எனக்கு வாய் வர மாட்டேங்கு. நீ பெரிய கம்பெனில இதையே வேலையாச் செஞ்சியாமே. அவன் மனசு நோகாம அனுப்பிரு."

எதைவிட்டு அஞ்சு ஓடிவந்தாளோ அது மலையேறி அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. முடியாது என்றால் இந்த வேலையும் போய்விடும்.

அடுக்களையில் சூசையப்பன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஏப்ரனுக்குள்ளே தேய்த்த முழுக்கைச் சட்டை. ஒவ்வொரு துண்டும் அளவெடுத்ததுபோல ஒரே மாதிரி விழுந்தது. பிறகு அவ்வளவையும் ஒரே மாதிரி கருக்கினார்.

அஞ்சு தொண்டையைச் செருமினாள். "அண்ணே, உங்க திறமைக்கு இந்த அடுக்களை ரொம்பச் சின்னது. இன்னும் பெரிய எடமா நீங்க பாக்கணும்." நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள்.

சூசையப்பன் கரண்டியைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது. "இப்படி ஒரு பேச்சைக் கேட்டு எத்தன நாளாச்சு மேடம். நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார்.

அன்றிரவு அஞ்சு நிம்மதியாகப் படுத்தாள். காலையில் எழுந்து பார்த்தால் அடுக்களையில் ஒரு பாத்திரம்கூட இல்லை. போய்விட்டார், பாத்திரத்தோடு போய்விட்டார் என்று பதறி வெளியே ஓடினாள். பின்பக்கத்துப் பெரிய கொட்டகையில் மூன்று அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன.

"நீங்க சொன்ன மாதிரி பெரிய எடம் பாத்துட்டேன் மேடம்" என்றார் சூசையப்பன். "இனி அளவும் கூட்டிரலாம்."

புகை நேராக விருந்தாளிகளின் அறைகளுக்குள் போயிற்று. ஏசுரத்தினம் இருமிக்கொண்டே வந்தார். "ஏம்மா, அனுப்பச் சொன்னா கடைய விரிச்சுக் குடுத்திருக்கியே?"

"இன்னைக்குச் சரி பண்ணிடுறேங்கய்யா."

வேறு மாதிரி சொல்லிப் பார்த்தாள். "அண்ணே, ஒரே வேலையில இருந்தா மனுசனுக்குச் சலிச்சுப் போயிரும். உங்களுக்குள்ள வேற என்னென்ன திறமை இருக்குன்னு தேடிப் பாக்கணும். அதுக்கு ஏத்த நேரம் இதுதான்."

"கண்டிப்பா மேடம்" என்று அவர் கையைக் கூப்பினார்.

மறுநாள் காலை மேசைக்கு நூடுல்ஸ் வந்தது. புட்டுக்குழாயில் வேகவைத்து, உருளையாகத் தள்ளி, மேலே ஏலக்காய் தூவியிருந்தார். சென்னைக் குடும்பத்துப் பெண்குழந்தை ஒன்று அதைப் பார்த்ததும் அழத் தொடங்கி, பூப்பாறை தாண்டும்வரை நிறுத்தவில்லை என்று அவர்களை ஜீப்பில் கொண்டுபோய் விட்ட டிரைவர் பினு வந்து சொன்னான்.

இனி சுற்றி வளைத்துப் பயனில்லை. அஞ்சு கொட்டகை வாசலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள். "அண்ணே, நாளையிலேர்ந்து நீங்க சமைக்க வர வேண்டாம்."

கண்ணைத் திறந்தபோது சூசையப்பன் ஏப்ரனைக் கழற்றி, நான்காக மடித்து, அவள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எதுக்கு மேடம், இப்பவே" என்றார்.

கண்ணாடி அறையில் யாரும் இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதில்லை. "மன்னிச்சிருங்கண்ணே" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முன்பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குழப்பம் அஞ்சு செய்ததுதான். சூசையப்பனை அனுப்பும் கவலையில் முன்பதிவை அவள் சரியாகப் பார்க்கவில்லை. அவள் போய்ச் சேருவதற்குள் சூசையப்பன் அங்கே நின்றிருந்தார். ஒரு குடும்பத்தோடு இங்கிலீஷ், இன்னொன்றோடு மலையாளம். கால்மணி நேரத்தில் ஒரு குடும்பம் தோட்டம் பார்க்கும் மாடி அறைதான் வேண்டும் என்று தானாகவே கேட்டு ஏறிப்போனது. மற்றது ஒருநாள் கூடுதலாகத் தங்குவதாகச் சொன்னது.

ஏசுரத்தினம் அஞ்சுவைத் தனியாகக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"அனுப்பச் சொன்னேன், நீ அவனை முன்பக்கம் மாத்திவிட்டுட்ட. எனக்கு இது தோணலியே. பெரிய கம்பெனி மூளைன்னா மூளைதான்."

"ஐயா, அது நான்..."

"இருக்கட்டும்மா. ஆனா மத்தியானத்துக்கு ஏழெட்டு பேர் இருக்காங்களே. இன்னைக்கு ஒருநாள் நீ பாத்துக்கயேன்."

அவள் கையில் ஏப்ரன் இருந்தது. கட்டிக்கொண்டாள்.

மத்தியானம் வைத்த ரசம் பாதிதான் திரும்பி வந்தது. அந்த வீட்டில் அது ஒரு முன்னேற்றம். மறுநாள் புது ஆள் கிடைக்கவில்லை. அதற்கடுத்த நாள் யாரும் தேடவில்லை. பாத்திரங்களைப் பழைய அடுக்களைக்கே கொண்டுவந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஏலச்செடிகளின் மேல் பனி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பருப்பு கடைந்தாள். பருப்பிடம் எதையும் நோகாமல் சொல்லத் தேவையில்லை. இரவில் படுத்தால், விடிந்து பால்காரன் மணியடிக்கும்வரை தூக்கம். கண்ணாடி அறையும் வரவில்லை, அதில் யாரும் உட்காரவும் இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. எந்த நிமிஷத்தில் தான் மேனேஜராக இல்லாமல் போனோம்? யாரும் அவளை நீக்கவில்லை, மாற்றவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா போனில் "மேனேஜர் வேலை எப்படிம்மா?" என்று கேட்டால், "நல்லா வேகுதும்மா" என்று வாய் தவறி வந்தது.

ஒரு சாயங்காலம் பினு டீக்கு வந்து அடுக்களை வாசலில் நின்றான். முன்பக்கத்தில் சூசையப்பன் யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது. அஞ்சு டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"பினு, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. நான் இங்க மேனேஜராத்தானே வந்தேன்?"

"ஆமா சேச்சி."

"சூசையப்பன் அண்ணனை வேலையை விட்டு எடுக்கத்தானே வந்தேன்?"

"ஆமா."

"அப்ப நான் எப்படி இங்க நின்னு கறி வச்சிட்டிருக்கேன்?"

பினு டீயை ஒரு வாய் குடித்தான். கிளாஸைக் கீழே வைத்தான்.

"அதுக்கென்ன சேச்சி, அவரும் திருச்சூர்ல ஒரு கம்பெனில வேலை போயி, இங்க மேனேஜரா வந்தவர்தான், அப்ப இருந்த சமையல்காரரை அனுப்பறதுக்கு."