நான்காவது வரிசையில் ஜெரால்டின்

நாடக இயக்குநர்களில் பல இனங்கள் உண்டு. ஒத்திகையில் தூங்குகிறவர்கள் ஓர் இனம். தூங்காமல் கத்துகிறவர்கள் இன்னோர் இனம். முதல் இனத்தால் நாடகத்துக்கு லாபம். இரண்டாவது இனத்தால் தொண்டை வைத்தியருக்கு லாபம். இவை இரண்டிலும் அடங்காத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. முன்னாள் நடிகை, இந்நாள் இயக்குநர். இவரை அடையாளம் காண நீங்கள் மேடையைப் பார்க்க வேண்டாம். நான்காவது வரிசையில் அமர்ந்திருப்பவரின் உதடுகளைப் பாருங்கள். மேடையில் ஒன்பது பேர் பேசினால் ஒன்பது பேருக்கும் சேர்த்து அந்த உதடுகள் அசையும். நாய் குரைக்கும் காட்சி இருந்தால் அதற்கும் அசையும்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? யார்க்‌ஷர் கடற்கரையில், கூரை முழுக்கக் கடற்காகங்கள் குடியிருக்கும் ஒரு சின்ன நாடக அரங்கில், திரைக்குப் பின்னால் இடது மூலையில், மடியில் நாடகப் பிரதியை வைத்துக்கொண்டு, மறந்துபோனவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கிற உத்தியோகத்தில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். பெயர் வில்ஃப். என் பெயர் எந்த விளம்பரத்திலும் வந்ததில்லை. ஆனால் எங்கள் ஊரில் கைதட்டல் வாங்கிய வசனங்களில் பாதியை முதலில் சொன்னவன் நான்தான்.

அந்த மூலையில் இருந்துதான் ஜெரால்டின் ஹாக்ஸ்லியைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, தாங்கினேன் என்று சொல்லலாம்.

ஜெரால்டினை உங்களுக்கும் தெரிந்திருக்கும். லீட்ஸ் நகரத்து மருந்துக்கடைக்காரர் மகள். பத்தொன்பது வயதில் லண்டன் மேடையில் தேநீர்த் தட்டு ஏந்தி வந்தவர். இருபத்தேழில் ஒரு சினிமாவில் ஆற்றில் மூழ்கி நாட்டையே அழவைத்தவர். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் தொலைக்காட்சி ஆஸ்பத்திரித் தொடரில் தலைமை நர்ஸாக வந்து, இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஸீட்டுப் பெண்மணி பாவாடையைத் தூக்கி முழங்கால் வீக்கத்தைக் காட்டுகிற அளவுக்குப் புகழ் பெற்றவர். ஐம்பது வயதானதும் திடீரென்று அறிவித்தார்:

"என் வயசுப் பொம்பளைக்கு மூணே வேஷம்தான் தர்றாங்க. அம்மா, பொணம், பொணத்தோட அம்மா. போதும்ப்பா. இனிமே நான் இயக்கப்போறேன்."

எங்கள் அரங்குக்கு வந்தார். பண்ணை வீட்டில் நடக்கிற நாடகம். தாய் இறந்துவிட்டாள், ஊரைவிட்டுப் போன மகள் திரும்பி வந்து, தாய் எழுதி வைத்த கடிதத்தைத் தகப்பனுக்குப் படித்துக்காட்டுகிறாள். தகப்பனாக ரூபர்ட் டன், எழுபது வயது, எங்கள் மேடையின் தூண் என்று பத்திரிகை எழுதும். சாய்ந்துகொள்ள ஏதாவது இருந்தால்தான் நிற்பார் என்பது எங்களுக்குத் தெரியும். மகளாக நெல் கார்விக். இருபத்துநாலு வயது, விட்பி மீன்பிடித் துறையில் வளர்ந்தவள். அதற்குமுன் அவள் போட்ட வேஷங்கள் இரண்டு: ஒரு வேலைக்காரி, ஒரு மரம். மரத்தில் பேர் வாங்கினாள்.

முதல் நாள் ஜெரால்டின் எங்களை வட்டமாக உட்காரவைத்து, கண்கலங்கப் பேசினார். "நானும் உங்கள்ல ஒருத்திதான். சின்ன வயசுல ஒரு டைரக்டர் என்னைப் படுத்தின பாடு இருக்கே! 'மூணு அடி நட, திரும்பு, மூச்சு விடு'ம்பான். மூச்சுக்குக்கூட அவன் உத்தரவு! அன்னிக்கே சத்தியம் பண்ணினேன். இந்த வசனத்தை இப்படிச் சொல்லுன்னு எந்த நடிகர்கிட்டயும் நான் சொல்லமாட்டேன்."

நாங்கள் கைதட்டினோம். ரூபர்ட் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். சத்தியம் வியாழக்கிழமை வரை தாங்கியது. நாங்கள் ஒத்திகை தொடங்கியதும் வியாழக்கிழமைதான்.

இந்த இனத்துக்கென்று ஒரு மொழி இருக்கிறது. "நான் சொல்லலை, சும்மா கேக்கிறேன்" என்றால் சொல்கிறார் என்று அர்த்தம். "அது உன் இஷ்டம் கண்ணு" என்றால் அது உங்கள் இஷ்டமில்லை. "பிரமாதம்! ஒரே ஒரு சின்ன விஷயம்" என்றால் உட்கார்ந்துகொள்ளுங்கள், முக்கால் மணி நேரம் ஆகும். அந்தச் சின்ன விஷயம் முடிவதற்குள் ஜெரால்டின் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறி, நெல்லாக நடந்து, ரூபர்ட்டாக இருமி, நெல் அழவேண்டிய இடத்தில் நெல்லுக்கு முன்னால் தானே அழுது முடித்து, "இந்த மாதிரி இல்ல, உனக்குத் தோணுற மாதிரி" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு இறங்குவார்.

ரூபர்ட் தப்பித்துக்கொண்டார். எழுபது வயதில் காது எப்போது கேட்கவேண்டும், எப்போது கேட்கக்கூடாது என்று காதுக்கே தெரிந்துவிடுகிறது. மாட்டிக்கொண்டவள் நெல். மூன்று வாரத்தில் அவள் குரல் மாறியது, நடை மாறியது. விட்பியில் யாரும் தூக்காத விதத்தில் இடது புருவத்தைத் தூக்கினாள். ஒருநாள் ஜெரால்டின் எரிந்து விழுந்தார்.

"ஏன்மா என்னை மாதிரியே நடிக்கிற? உன்னை மாதிரி நடி!"

"என்னை மாதிரின்னா எப்படி மேடம்?"

"இரு, காட்டறேன்."

சிரிப்பாக இருக்கிறதா? அன்றைக்கு எங்களில் யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் தேநீர் நேரத்தில் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். குழாய்ச் சத்தத்தைத் தாண்டியும் எங்களுக்குக் கேட்டது.

வியாழக்கிழமை அரங்கேற்றம். அதற்கு முந்திய திங்கட்கிழமை காலை, கடிதக் காட்சியை ஏழாவது தடவையாக நிறுத்தினார் ஜெரால்டின். "பிரமாதம் கண்ணு! ஒரே ஒரு சின்ன விஷயம்..."

நெல் கடிதத்தை மேஜைமேல் வைத்தாள். கோபமே இல்லை, அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. "நீங்களே நடிச்சிடுங்க மேடம். உங்களுக்கு எல்லாம் தெரியுது. எனக்கு இது வரலை. பன்னெண்டு மணி ரயிலுக்கு நான் ஊருக்குப் போறேன்." இறங்கி, நான்காவது வரிசை நாற்காலியில் கிடந்த தன் கோட்டை எடுத்தாள்.

ஜெரால்டின் சீறுவார் என்று நினைத்தேன். சீறவில்லை. முகம் முதலில் மலர்ந்தது, அப்புறம் வெளுத்தது.

"அப்படியெல்லாம் பேசாதே. நான் எதுக்கு..." என்று இழுத்தார்.

"ஏறும்மா மேடைல!" என்றார் ரூபர்ட், வாயில் பிஸ்கட்டோடு. "மூணு வாரமா அங்கதானே நிக்கறே!"

ஏறினார். கடிதத்தை எடுத்தார். என்னதான் கேலி பேசினாலும் உண்மையைச் சொல்லவேண்டும்: நடிப்பு என்றால் அதுதான். முதல் வரியிலேயே என் பிடரி சிலிர்த்தது. கோட்டில் ஒரு கையை நுழைத்த நெல் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆறாவது வரியில் ஜெரால்டின் நிறுத்தினார்.

நடிகர்கள் வேண்டுமென்றே நிறுத்துகிறபோது அவசரப்பட்டு வசனம் கொடுத்து நான் வாங்கிய வசவுகளுக்குக் கணக்கில்லை. அதனால் பொறுத்தேன். பிறகு அவர் கையைப் பார்த்தேன். காகிதத்தை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் எழுத்து எதுவும் கிடையாது. மேடைக் கடிதங்கள் வெறுங்காகிதங்கள். வசனத்தை எடுத்துக்கொடுத்தேன். அவர் காதில் விழவில்லை. மறுபடி கொடுத்தேன். மூன்று வாரமாக எல்லோருக்காகவும் அசைந்த உதடுகள் தனக்காக அசையவில்லை.

அப்போது கீழே இருந்து நெல் சொன்னாள். நடிக்கவில்லை, புருவம் தூக்கவில்லை, வீட்டில் அப்பாவிடம் சொல்வதுபோல் சொன்னாள்: "அடுப்பை அணைச்சிட்டுப் படுங்கன்னு எழுதியிருக்காப்பா. நீங்க மறந்துடுவீங்களாம்."

ரூபர்ட்டுக்குப் பழக்கதோஷம், தன் பதிலைச் சொன்னார். அவள் அடுத்ததைச் சொன்னாள். மேடையில் ஜெரால்டின் வெறுங்காகிதத்தோடு நிற்க, கீழே பாதிக் கோட்டோடு நெல் நிற்க, காட்சி கடைசிவரை ஓடியது. முடிந்தபோது ரூபர்ட் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார். பிஸ்கட் கையிலேயே இருந்தது.

ஜெரால்டின் பண்ணை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரித் தொடர் முடிஞ்சப்புறம் லண்டன்ல ஒரு நாடகம்" என்றார், யாரையும் பார்க்காமல். "மூணாவது நாள். வாயைத் திறந்தேன். ஒண்ணும் வரலை. நாப்பது நொடிதான்னு சொன்னாங்க. எனக்கு அது இன்னும் முடியலை... வேஷம் தரலைன்னு ஊரெல்லாம் சொன்னேனே, பொய். நாலு வேஷம் வந்துச்சு. நல்ல வேஷம். நான்தான் போகலை."

"எல்லாருக்கும் வர்றதுதாம்மா" என்றார் ரூபர்ட். "போன வருஷம் எனக்கு என் பேரே மறந்துபோச்சு. மேடைல இல்ல, தபால் ஆபீஸ்ல."

நெல் மெதுவாகக் கேட்டாள்: "அதனாலதான் எங்க வசனத்தையெல்லாம் நீங்க சொல்லிட்டே இருக்கீங்களா?"

"நீ நடுவுல நின்னுட்டேன்னா? அது உனக்கு வரக்கூடாதுடி."

அந்த வேலைக்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லுகிற நேரமா அது?

நெல் கோட்டைக் கழற்றினாள். ஒரே நிபந்தனை: அரங்கேற்றத்தன்று ஜெரால்டின் அவள் கண்ணில் படுகிற இடத்தில் உட்காரக்கூடாது. ஆகையால் வியாழக்கிழமை, கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டி ஒன்றின்மேல், என் பக்கத்தில், என் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கடிதக் காட்சி வந்தது. ஆறாவது வரிக்கு முன்னால் நெல் நிறுத்தினாள்.

நெல் நிறுத்தியது நான்கு நொடி இருக்கும். ஜெரால்டினின் நகம் என் தோலுக்குள் இறங்கியது. வாய் திறந்தது. வசனம் தொண்டை வரை வந்துவிட்டதை நான் பார்த்தேன். மறு கையால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். நெல் மூச்சை இழுத்தாள், சொன்னாள். அரங்கில் யாரோ விம்மியது கேட்டது.

"இந்த நிறுத்தம் நான் சொல்லிக்கொடுத்தது இல்ல, வில்ஃப்" என்று என் காதில் சொன்னார். அது பெருமையா, புகாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கன்னம் மட்டும் நனைந்திருந்தது.

சனிக்கிழமைப் பத்திரிகை, "இயக்குநரின் கை இருப்பதே தெரியவில்லை" என்று ஆகா ஓகோ என எழுதியது. ஜெரால்டின் அதை எங்களுக்கு உரக்கப் படித்தார். பிறகு ரூபர்ட் படித்தார். "அப்படி இல்ல ரூபர்ட், 'தெரியவில்லை'ல அழுத்தம் வரணும்" என்று வாங்கி, மறுபடி தானே படித்துக்காட்டினார்.

திருந்தினாரா என்கிறீர்களா? பாதி. அதற்கப்புறம் ஏழு நாடகம், ஒரு சினிமா இயக்கிவிட்டார். இப்போதெல்லாம் ஒத்திகையில் கழுத்துத் துணியை வாயில் வைத்துக் கடித்துக்கொள்கிறார். ஒரு நாடகத்துக்கு ஒரு துணி கிழிகிறது. நெல் லண்டனில் பெரிய வேஷங்கள் போடுகிறாள். இருவரும் ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் பேசுகிறார்கள். பேசுவது ஜெரால்டின்தான் என்று கேள்வி.

நல்லவேளை, நமக்கும் நாடகத்துக்கும் சம்பந்தமில்லை என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கார் ஓட்டுவது உங்கள் மகனாக இருக்கும்போது, பக்கத்து ஸீட்டில் இல்லாத பிரேக்கை உங்கள் கால் ஏன் மிதிக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. ஒன்றே ஒன்றை மட்டும், சொல்லவில்லை, சும்மா கேட்கிறேன். போன வாரம் விருந்தில், அத்தனை பேர் நடுவில், உங்கள் வீட்டுக்காரர் அந்தப் பழைய வேடிக்கைக் கதையை ஆசையாக ஆரம்பித்து, ஏற்றி ஏற்றி, கடைசி வரிக்காக மூச்சை இழுத்தாரே, அந்தக் கடைசி வரியைச் சொன்னது யார்?