கிருமிக்குத் துறை ஒதுக்கிய விவரம்

கிருமியே ஆனாலும் ஏதாவது ஒரு துறைக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆகவேண்டும். இந்தச் சின்ன விஷயம் கிருமி ஆய்வகத்து ஆய்வாளரம்மாவுக்குத் தெரியாமல் போனதுதான் எல்லா வினைக்கும் காரணம்.

அவருடைய தம்பி கோழிப்பண்ணையில் லாரிக்குக் கூண்டு ஏற்றுபவன். கம்பி கிழித்த கால் ஆறாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் புண்ணில் இருந்த கிருமியையும் பண்ணைக் கோழியின் கிருமியையும் எடுத்து, மரபணுவை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார் ஆய்வாளரம்மா. இரண்டும் ஒன்றே. ஐந்து மருந்துகளுக்கு அது அசைந்து கொடுக்கவில்லை. ஆறாவதற்கு மட்டும் அடங்கியது. ஆனால் அந்த ஆறாவது மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை. கால்நடைத் துறைக் கிடங்கில் பெட்டி பெட்டியாக இருந்தது, கோழிகள் சீக்கிரம் கொழுப்பதற்காக. தீவனத்தில் கலப்பதை நிறுத்தி அதை வார்டுக்குக் கொடுத்தால் கால் பிழைக்கும். அம்மா கோப்போடு ஓடினார்.

சுகாதார அதிகாரி கோப்பை ஒரு விரலால் தள்ளினார். "கோழியில இருக்கில்ல? கால்நடைக்குப் போங்க."

எதிர் அறைதான் கால்நடைத் துறை. அந்த அதிகாரி கோப்பைத் தொடவே இல்லை. "மனுஷன்ல இருக்கில்ல? அங்கேயே போங்க."

"சார், ரெண்டும் ஒரே கிருமி."

"அதெப்படிம்மா? ஒருத்தரே ரெண்டு துறையில இருக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு."

"கிருமிக்கு விதி தெரியாது சார்."

"தெரியாதுன்னு சொன்னா விட்டுட முடியுமா?"

கூட்டுக் குழு கூடியது. மேற்படி கிருமியானது தான் எத்துறையைச் சார்ந்தது என்பதைப் பதினைந்து தினங்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும் என்று ஆய்வகத்துக்கு அறிவிப்பு வந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு, அதைக் கிருமி இருந்த குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினார். பதினாறாம் நாள் வரை பதில் இல்லை. மௌனம் சம்மதம் என்று கொண்டு, கிருமியைச் சுகாதாரத் துறைக்கு ஒதுக்கினார்கள். ஆகவே கோழிகளிடம் கிருமி கிடையாது என்பது ஐயந்திரிபற நிரூபணமாயிற்று.

அதோடு விட்டார்களா? 'கிருமியில்லாக் கோழி' என்று முத்திரை குத்தினார்கள். முத்திரை இல்லாத கோழியைத் தின்பது நாகரிகமில்லை என்று ஊரே பேச ஆரம்பித்தது. வாங்கிய பெயரைக் காப்பாற்ற, தீவனத்தில் அதே ஆறாவது மருந்தை இரண்டு பங்காக்கினார்கள். நான்கு மாதம் கழித்து நடந்த முத்திரை விழாவில், கால்நடை அதிகாரி போட்டோவுக்காக ஒரு கோழியை மார்போடு அணைத்தார். கோழி அவர் கட்டைவிரலைக் கீறியது.

பத்தாம் நாள் அவர் வார்டுக்கு வந்து சேர்ந்தார், தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலில். விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. படுத்தபடியே உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். எட்டு மாதம் கிடைக்காத மருந்து ஒரு மணி நேரத்தில் வந்தது. தம்பிக்கும் ஏற்றினார்கள், அவருக்கும் ஏற்றினார்கள்.

ஒரே வாரத்தில் தம்பியின் புண் காயத் தொடங்கியது. அம்மா சந்தோஷத்தில் அழுதேவிட்டார்.

"எனக்கு மட்டும் ஏம்மா கேக்கல?" என்றார் அதிகாரி.

அம்மா கையிலிருந்த மரபணு அறிக்கையைப் பார்த்தார். "தம்பியோடது பழைய கிருமி சார். உங்களோடது இப்போ வந்தது. அது ஆறாவது மருந்தையும் தின்னு பழகிடுச்சு."

"சரி, ஏழாவதைக் கொடுங்க."

"ஏழாவது இல்ல சார்."

அதற்குள் அதிகாரியின் விரலுக்குக் கட்டு மாற்றி முடித்த நர்ஸ், வார்டு நிறைய வேலை கிடக்கிற அவசரத்தில், கை கழுவாமல் அதே கையோடு தம்பியின் காலில் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.