கண்ணோரக் காவலர்கள்

கண்ணோரக் காவலர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பாவம், தலைவலி போலிருக்கிறது என்று நினைத்துப் போயிருப்பீர்கள். யாரோ ஒருவர் நல்ல வேடிக்கையாக ஏதோ சொல்லி, கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும்போது, ஒருத்தி மட்டும் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கண்களின் ஓரத்தில் அழுத்திக்கொண்டு, முழு முட்டையை விழுங்கப்போகிறவள்போல் வாயை வட்டமாக்கி, “ஹோ, ஹோ” என்று ஓசை விடுகிறாளே, அவள்தான். அவளுடைய சிரிப்பு வாயில் புறப்பட்டு மூக்குவரை வரும். அதற்கு மேல் அனுமதி இல்லை. கண்ணுக்கு வந்தால் கோடு விழுந்துவிடுமாம்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் கெய்ரோவில் பிறந்துவிட்டு இந்த இனத்தில் சேர்வது இருக்கிறதே, அது பெரிய கொடுமை. இந்த ஊரில் ஒரு வேளை ரொட்டி இல்லாமல் இருந்துவிடுவார்கள், வேடிக்கைப் பேச்சு இல்லாமல் இருக்கமாட்டார்கள். டாக்சிக்காரரிடம் வழி கேட்டால் முதலில் ஒரு நகைச்சுவை வரும், வழி பிறகுதான் வரும். ஒருவனைப் பார்த்து “உன் ரத்தம் கனம்” என்று சொல்லிவிட்டால், அதாவது உனக்குச் சிரிக்கவும் தெரியாது, சிரிக்கவைக்கவும் தெரியாது என்று சொல்லிவிட்டால், திருடன் என்று சொன்னதைவிடக் கோபம் வரும். திருடனுக்காவது வக்கீல் கிடைப்பார். ரத்தம் கனத்தவனுக்கு யார் வாதாடுவார்கள்?

கெய்ரோவின் ஷுப்ரா வட்டாரத்தில் ஏழு மாடிக் கட்டடமொன்றின் ஆறாம் மாடியில் இருக்கும் தஹானியைப் பாருங்கள். வயது நாற்பத்தாறு. கணவன் ஷவ்கி, அந்த வட்டாரத்து லிஃப்டுகளை எல்லாம் பழுதுபார்க்கிறவன். அங்கே லிஃப்டுகள் மனிதர்களைப்போல. நினைத்தால் வரும், நினைத்தால் நடுவழியில் நின்று யோசிக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அலறுவார்கள். ஷவ்கி வெளியே நின்று ஸ்பேனரைத் திருகிக்கொண்டே கதவிடுக்கு வழியாக ஒரு வேடிக்கையைச் சொல்லுவான். அலறல் நின்று சிரிப்பு கேட்கும். “லிஃப்ட் சரியாகாவிட்டாலும் போகட்டும், ஷவ்கியைக் கூப்பிடு” என்பார்கள்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே கட்டடத்தில் மாட்டிக்கொண்டு அலறிய பெண்களில் தஹானியும் ஒருத்தி. அன்று ஷவ்கி சொன்னது இது: “ஒருத்தன் லிஃப்டுல மாட்டிக்கிட்டு, காப்பாத்துங்கன்னு கத்துனானாம். காவலாளி ஓடிவந்து, எந்த மாடின்னு கேட்டானாம். மூணுக்கும் நாலுக்கும் நடுவுலன்னு இவன் சொன்னானாம். அப்படி ஒரு மாடியே இங்க இல்ல, நீ வேற கட்டடத்துல போய் மாட்டிக்கோன்னு சொல்லிட்டுப் போயிட்டானாம்.” கதவு திறந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்தில் கல்யாணம்.

அதிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம். காலையில் மசித்த மொச்சையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டே ஷவ்கி புது வேடிக்கை ஒன்றைத் தஹானியிடம் சொல்லிப்பார்ப்பான். அவள் கண் சுருங்கிச் சிரித்தால் அது அன்றைக்கு லிஃப்டுகளுக்குப் போகும். சிரிக்காவிட்டால் மொச்சையோடு முடிந்தது. வேறு யாருடைய சிரிப்பையும் அவன் நம்பியதில்லை.

இப்படி இருந்த வீட்டில்தான் ஐந்தாம் மாடி ஷஹீரா மேடம் நுழைந்தாள். யாரோ வீட்டு நிச்சயதார்த்தப் படம் அவள் போனில் இருந்தது. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியைக் கண்டுபிடித்தவன் எத்தனை குடும்பங்களின் நிம்மதியைக் கெடுத்தான் தெரியுமா? ஷஹீரா பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். தஹானியின் கண்ணோரம் திரை முழுக்க நிறைந்தது.

“ஏண்டி, இது என்ன, ராம்சேஸ் ஸ்டேஷன்ல தண்டவாளம் பிரியற மாதிரி பிரியுது?”

அவ்வளவுதான். மறுநாளே வைத்தியம் ஆரம்பம். முதலில் வெள்ளரிக்காய் வில்லை. பிறகு ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்த இரண்டு கரண்டி. பிறகு தயிரில் குழைத்த வெந்தயம், கருஞ்சீரக எண்ணெய், பன்னீர். பிறகு சீசாவில் சொட்டுச் சொட்டாக வரும் ஏதோ வைட்டமின். பிறகு ரெட்டினால் க்ரீம், அதையும் பட்டாணி அளவு என்று எழுதியிருக்க, பட்டாணிக்குப் பதில் பேரீச்சம்பழ அளவு அப்பியதில் கண்ணைச் சுற்றித் தோல் சிவந்து உரிந்து, அக்கம்பக்கத்தார் நான்கு நாள் ஷவ்கியைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். கோடு மறையப் போடும் ஊசி மட்டும் வேண்டாம் என்று வைத்திருந்தாள். ஷஹீரா போட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறாளே! அவள் புருவம் ஏறியது ஏறியதுதான். இன்றைக்கு வியாழக்கிழமை என்று சொன்னால்கூட ஆச்சரியப்படுகிறாள்.

மருந்துக்கடை டாக்டர் ஸமீஹ் நேர்மையானவர். “மேடம், வெயில்ல போகும்போது சன்ஸ்கிரீன் போடுங்க, கறுப்புக் கண்ணாடி போடுங்க, நல்லாத் தூங்குங்க. க்ரீமைக் கொஞ்சமாப் போட்டா கோடு கொஞ்சம் மங்கும். அழிஞ்சு போகாது” என்றார். தஹானி நன்றி சொல்லிவிட்டு அடுத்த மருந்துக்கடைக்குப் போனாள். அழிந்துபோகும் என்று சொல்லுகிற கடை நான்காவதாகக் கிடைத்தது.

கறுப்புக் கண்ணாடி என்றாரல்லவா? அதை அவள் அடுப்படியிலும் போட்டுக்கொண்டாள். கத்தரிக்காய் கருகியது, தெரியவில்லை. மதியத் தூக்கம் மல்லாந்து, அசையாமல், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு. ஷவ்கி அதைப் பார்த்துவிட்டு, “வெளிநாட்டுக்காரன் டிக்கெட் வாங்கி மியூசியத்துல பாக்குறதை நான் வீட்டுலயே பாக்குறேன்” என்றான். பழைய தஹானியாக இருந்தால் கட்டிலிலிருந்து உருண்டிருப்பாள். இவள் இரண்டு விரலைக் கண்ணோரம் வைத்து “ஹோ” என்றாள்.

துக்க வீட்டிலும் இதே காவல்தான். இரண்டாம் மாடிப் பெரியவர் இறந்தபோது அவர் மனைவி தேம்பித் தேம்பி அழுது முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைக்க, தஹானி பக்கத்தில் போய்க் கட்டிக்கொண்டு காதோடு சொன்னாள்: “தேய்க்காதீங்க அக்கா. மோதிர விரலால ஒத்துங்க. அந்த விரலுக்குத்தான் பலம் கம்மி.” அந்த அம்மாள் ஒரு நிமிஷம் அழுகையை மறந்துவிட்டாள். அதையும் ஆறுதல் என்றே கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, அவரவர் தோல், அவரவர் க்ரீம், நமக்கென்ன என்கிறீர்களா? நமக்கு ஒன்றுமில்லை. ஷவ்கிக்கு இருந்தது.

காலை மொச்சை ஆறியது. அவன் வேடிக்கை சொன்னான், “ஹோ.” இன்னொன்று சொன்னான், “ஹோ.” எட்டு மாதத்தில் ஒரு வேடிக்கைகூடத் தேறவில்லை. தேறாததை அவன் லிஃப்டுக்குக் கொண்டுபோகமாட்டான். ஆகவே ஷுப்ராவின் லிஃப்டுகளில் அழுகை பெருகியது. ஆட்கள் வெளியே வந்ததும், “என்ன ஷவ்கி பாஷா, உடம்பு சரியில்லையா?” என்று அவனைக் கேட்டார்கள். அவன் தனக்கு ரத்தம் கனத்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டான். அதற்கும் கீழே இன்னொரு பயம் இருந்தது. ஒருநாள் செய்தித்தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் இருந்தே கேட்டுவிட்டான்.

“தஹானி, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?”

“இல்லியே.”

“என்மேல அலுப்பாயிருச்சா?”

“பைத்தியமா உனக்கு?” என்றாள். ஆனால் முகத்தில் முட்டை வெள்ளைக்கரு காய்ந்துகொண்டிருந்ததால் அதை ஒரு தசைகூட அசையாமல் சொன்னாள். கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிறவர்கள்கூட இன்னும் கொஞ்சம் அன்பாக வாசிப்பார்கள். ஷவ்கி அன்றிலிருந்து வேடிக்கை சொல்வதை அடியோடு விட்டுவிட்டான். வீடு அமைதியாக இருந்தது. அவள் அதைக்கூடத் தோலுக்கு நல்லது என்றுதான் நினைத்தாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை மதியம், தஹானி முப்பது முட்டை அடுக்கிய தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஷஹீராவோடு லிஃப்டில் ஏறினாள். மூன்றாம் மாடி தாண்டியது. ஒரு குலுக்கல். நின்றது.

“ஐயோ, செத்தோம்!” என்று ஷஹீரா அலறினாள். முகம் என்னவோ எப்போதும்போல் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

கட்டடக் காவலாளி மஹ்ரூஸ் மாமா ஓடிப்போய், தெருமுனை டீக்கடையில் இருந்த ஷவ்கியைக் கூட்டிவந்தார். மேலே கதவருகே காலடி கேட்டது.

“யாரு உள்ள?”

“நான்தான், ஷவ்கி. ஷஹீராவும் இருக்கா.”

“சரி. கதவைத் தொடாதீங்க.”

ஸ்பேனர் சத்தம். தஹானி காத்திருந்தாள். இப்போது சொல்லுவான் என்று காத்திருந்தாள். ஸ்பேனர் மட்டும் திருகியது. இந்த மனிதன் வாயைத் திறக்காமல் ஒரு லிஃப்டைத் திறந்து அவள் கேட்டதே இல்லை. யாரோ முன்பின் தெரியாத மெக்கானிக் வேலை செய்வதுபோல் இருந்தது. எட்டு மாதமாக அவன் பேச்சுக்கு விரலை வைத்து அடைத்தவள் தான்தான் என்பது அந்த இரும்புப் பெட்டிக்குள்தான் உறைத்தது.

“ஷவ்கி, எந்த மாடின்னு கேளு.”

“எனக்குத்தான் தெரியுமே.”

“தெரிஞ்சாலும் கேளேன்!”

ஸ்பேனர் நின்றது. “எந்த மாடி?” என்றான், கரகரத்த குரலில்.

“மூணுக்கும் நாலுக்கும் நடுவுல!”

ஷவ்கி வாயைத் திறப்பதற்குள், அந்தக் கதையை வாழ்க்கையில் கேட்டிராத மஹ்ரூஸ் மாமா, பாவம், அக்கறையோடு குனிந்து குரல் கொடுத்தார்:

“அப்படி ஒரு மாடி நம்ம கட்டடத்துல இல்லியேம்மா!”

தஹானி வெடித்தாள். வயிறு குலுங்கியது, முட்டைகள் கடகடவென்று ஆடின, கண்ணிரண்டும் சுருங்கி மூடிக்கொண்டன. “கண்ணு! கண்ணைப் பிடிடி!” என்று ஷஹீரா கத்தினாள். எதை வைத்துப் பிடிப்பது? இரண்டு கையிலும் முட்டை. மேலே ஷவ்கி ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரிப்பது கேட்டது.

கதவைத் திறந்து, முட்டைத் தட்டை வாங்கி வைத்துவிட்டு, அவளைக் கைகொடுத்து மேலே தூக்கினான். நான்கு முட்டை உடைந்திருந்தது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டே உண்மையைச் சொன்னாள்.

“உன்மேல அலுப்பெல்லாம் இல்லடா. சிரிச்சா கண்ணோரம் கோடு விழுது. அதான் அடக்கிக்கிட்டேன்.”

“கோடா? எங்க?”

“இங்கதான். நல்லாப் பாரு.”

அவன் பார்த்தான். முகத்தைக் கிட்டே கொண்டுவந்தான், பின்னால் இழுத்தான், கண்ணை இடுக்கினான். “ஒண்ணையும் காணோமே!” என்றான். பொய்யில்லை. நான்கு வருஷமாக அவனுக்குக் கிட்டத்தில் இருப்பது எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த கண்ணாடி, போட்டால் கிழவன்போல் தெரிகிறது என்று, செய்துவாங்கிய நாளிலிருந்து அலமாரியில் உறையோடு கிடக்கிறது. ஆக, எட்டு மாதம் வெள்ளரியும் வெந்தயமுமாக அவள் மறைத்ததெல்லாம் எவனிடமிருந்து? பார்க்கவே முடியாத ஒருவனிடமிருந்து. இதில் கண்ணை இடுக்கி இடுக்கி அவன் கண்ணோரத்தில் விழுந்திருக்கும் கோடுகள் அவளுடையதைப்போல் இரண்டு மடங்கு.

தஹானி திருந்திவிட்டாளா என்று கேட்காதீர்கள். க்ரீம் இப்போதும் உண்டு, பட்டாணி அளவு, மோதிர விரலால். காலை மொச்சையின்போது மட்டும் விரல்கள் ரொட்டியில் இருக்கின்றன. அந்தக் கண்ணாடி மட்டும் அலமாரியில் இல்லை. ஷவ்கி ஒருநாள் மனம் மாறித் தேடினான், கிடைக்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று தஹானிக்குத் தெரியும். கேட்டால் முகத்தில் ஒரு தசை அசையாமல் “தெரியலியே” என்கிறாள். எட்டு மாதப் பயிற்சி வீண்போகவில்லை.

நீங்களோ இதையெல்லாம் யாரோ கெய்ரோக்காரியின் கதை என்று படித்தீர்கள். நடுவில் எங்கோ ஓரிடத்தில் லேசாகச் சிரிக்கவும் செய்தீர்கள். அப்போது உங்கள் விரல் எங்கே இருந்தது? இல்லை, நான் அந்த வகை இல்லை என்கிறீர்களா? நல்லது. அப்படியானால் இந்தப் பக்கத்தை ஏன் இவ்வளவு தூரத்தில் பிடித்துக்கொண்டு படிக்கிறீர்கள்?