துரைசானி கழுத்தில் ஜெரேனியம்

தலையில் ஒரு பூத்தொட்டியோடு அரியலூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால், கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தொட்டிகளை இடுக்கிக்கொண்டு தொட்டி துரை. பெரம்பலூர் பங்களாவிலிருந்து எங்களைத் துரத்திய சூடு இன்னும் ஆறவில்லை.

உயிர்களைப் பட்டினி போட்டே செழிக்க வைக்கலாம் என்று நம்பியவர்கள் இரண்டே தரப்பு. ஒன்று, ரேஷன் அதிகாரிகள். இன்னொன்று, தொட்டி துரை.

ஊட்டியில் வெள்ளைக்காரர் வீட்டில் சமைத்தவர். அதிகாரிகள் வந்து தங்கும் பங்களாவுக்குக் காவலாக வந்தபோது மூன்று ஜெரேனியம் தொட்டிகளும் ஒரு ஓட்டைத் தொப்பியும் கூட வந்தன. பெயரை ஊர் வைத்தது. நான் அங்கே சோற்றுக்குத் தண்ணீர் இறைத்தவன்.

தொட்டிக்குத் துரையின் சட்டம் தனி: விரலை விட்டால் மண் காய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர். காலையில் வெயில், மதியம் நிழல். நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் கிளைக்கும். வாடிய கொத்தை உடனே ஒடிக்க வேண்டும். எருவைக் கொட்டினால் இலைதான் மிச்சம். என் சாப்பாட்டுக்கும் இதே சட்டம்.

"வயிறு ரொம்புச்சுன்னா தழைஞ்சு போயிடுவேடா. பூக்க மாட்டே."

"பூக்க வேணாம்ண்ணே. இன்னொரு கரண்டி போடுங்க."

மழையை நம்பிப் பிழைக்கிற ஊர். குடத்தோடு போகும் பெண்களுக்குக் காய்ந்த மண்ணைக் கண்டால் மனசு கேட்காது. "ஏன்யா, வாயில்லாச் சீவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தா கொறைஞ்சா போயிடுவ?" என்று வேலிக்கு மேலாகவே சாய்த்துவிடுவார்கள். துரை பதறி ஓடிவந்து தொட்டியைக் கவிழ்த்து வடிப்பார். "வேரு வெந்து போயிடும்மா! தாகமா இருந்தா நீ குடி!"

ஒருநாள், முகாம் வந்த வெள்ளைக்கார அதிகாரி தொட்டி தடுக்கி விழுந்தார். எழுந்து தீர்ப்புச் சொன்னார்: அடுத்த முறை அவர் மனைவி வருவாள், அவளுக்குப் பிடித்த பூ இது. பூத்திருந்தால் வேலை உண்டு. இல்லையென்றால் தொட்டியோடு வெளியே.

தைக் குளிரில் மூன்று தொட்டியும் இலை தெரியாமல் சிவந்தன. துரைக்குத் தொப்பி கொள்ளாத தலைக்கனம்.

அந்த நாளும் வந்தது. துரை அடுப்படியில் கோழியோடு, நான் கிணற்றடியில். அப்போது ஊர் மணியக்காரர் வாசலுக்கு வந்தார். வருகிற துரைசானிக்கு மாலை போடாவிட்டால் ஊர் மானம் என்ன ஆவது? அன்று சாமந்தி கிடைக்கவில்லை. மானத்தைக் காப்பாற்ற வழி வாசலிலேயே மூன்று தொட்டிகளில் பூத்திருந்தது.

துரைசானி காரைவிட்டு இறங்கியதும் செக்கச்செவேல் என்று கழுத்தில் மாலை விழுந்தது.

"பூ எங்கே?" என்றார் அதிகாரி, மொட்டைச் செடிகளைப் பார்த்து.

துரை தொப்பியைக் கழற்றினார். "அம்மா கழுத்துல இருக்குதுங்க."

நான் சிரித்துத் தொலைத்தேன். மணியக்காரருக்குக் கைகுலுக்கல், எங்கள் இருவருக்கும் ரோடு.

"மணியக்காரர் மேல கோவமே வரலையாண்ணே?"

"என்னத்துக்கு? நான் கிள்ளியிருந்தாக்கூட இவ்வளவு சுத்தமா கிள்ளியிருக்க மாட்டேன். பாரு, இனிமே டபுளா பூக்கும்."

அரியலூரில் திருச்சி வண்டி நின்றிருந்தது. துரை மட்டும் ஏறினார். அவருக்கு இருந்தவை இரண்டு கக்கங்கள்தான். மூன்றாவது தொட்டி என் தலையிலேயே தங்கிவிட்டது. வண்டி நகர்ந்ததும் ஜன்னலில் தொப்பி தெரிந்தது.

"நீ நல்லா சாப்புடுடா! அதை மட்டும் பட்டினி போடு!"

மறுநாள் காலை, ஸ்டேஷன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையில் சேர்ந்தேன். எல்லாச் செடிக்கும் தாராளமாக ஊற்றினேன். கடைசியில் வைத்திருந்த துரையின் தொட்டியில் மட்டும் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரம் இருந்தது. வாளியைக் கீழே வைத்தேன்.