பன்னிரண்டாவது முட்டல்

பதினோரு முட்டல்கள். துறைமுகத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் பயணிகள் படகை நம்மவர் ஆறு ஆண்டுகளில் இத்தனை முறை படகுத்துறைச் சுவரில் மோதியிருக்கிறார். அவர் தப்பு? ஒன்றுகூட இல்லை. ஆம், காரணம்சொல்லி என்னும் இனத்தைத்தான் பார்க்கிறோம்.

இந்த இனத்தில் கற்றுக்குட்டிகள் கடலின் ஏற்றவற்றத்தின்மேல் பழி போடுவார்கள். நம்மவர் போடுவாரா? ஏற்றவற்றத்துக்கு அட்டவணை உண்டு; எவனாவது எடுத்துப் பார்த்துவிடுவான். அட்டவணை இல்லாத நீரோட்டங்கள்தான் அவர் சொத்து. காற்று மேல்தண்ணீரைக் கரைக்குத் தள்ள, அது அடிவழியாகத் திரும்பிப் போவது. எங்கோ மலையில் பெய்த மழை ஆற்றோடு வந்து இறங்குவது. நல்ல தண்ணீர் மேலே, உப்புத் தண்ணீர் கீழே என்று ஆளுக்கொரு திசையில் போவது. பெரிய கப்பல் கிளம்பும்போது பின்னால் கடைந்துவிட்டுப் போவது. ஒன்றும் கிடைக்காவிட்டால், ஆட்டிவிட்ட தொட்டிபோல் துறைமுகமே தளும்புவது. எல்லாம் உண்மை. அதுதான் கொடுமை.

கயிறு வீசும் மைத்துனன் ஒருமுறை கேட்டுப் பார்த்தான்.

"அத்தான், கொஞ்சம் முன்னாடியே வேகத்தைக் குறைச்சிருக்கலாம்ல?"

"உனக்கு மேல்தண்ணி தெரியுது. அடித்தண்ணி தெரியுமா?"

இன்னொரு முறை முட்டினால் சுக்கானை விட்டு இறங்க வேண்டியதுதான் என்று துறைமுக அதிகாரி அம்மாள் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல், சோதனைக்கு ஒரு நாளையும் பொறுக்கி எடுத்தார். ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. காற்று இல்லை, ஆறு வறண்டு கிடந்தது, கப்பல் ஒன்றுகூட வரவில்லை. அவர் தண்ணீரில் போட்ட காகிதத்துண்டு போட்ட இடத்திலேயே கிடந்தது.

நம்மவர் சுக்கானைப் பிடித்தார். இவ்வளவு தனியாக அவர் படகோட்டியதே இல்லை.

சுவர் நெருங்கியது. இன்னும் நெருங்கியது. மைத்துனன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

டொம்.

அதிகாரி காகிதத்துண்டைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"இப்ப என்ன சொல்றீங்க?"

"இத்தனை வருஷம் ஓட்டத்தை எதிர்த்தே பழகின கை, மேடம். இன்னைக்குத் தண்ணி எதிர்க்கவே இல்லையே. நான் என்ன பண்ண?"

"நல்லவேளை, சுவர் நகர்ந்துடுச்சுன்னு சொல்லல" என்றான் மைத்துனன்.

சிரிக்காதீர்கள். இன்று காலை வேலைக்குத் தாமதமாகப் போனீர்களே, பழியை யார்மேல் போட்டீர்கள்? மழைமேலா, சிக்னல்மேலா? அதுவும் உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

திங்கட்கிழமை முதல் சுக்கான் மைத்துனன் கையில். நம்மவர் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் உட்காருவார். அங்கே நீரோட்டம் கிடையாது. தலைக்குமேல் ஒரு மின்விசிறி இருக்கிறது.