எந்தச் சிவப்பு?

'இது மட்டும் போதுமா?' இனத்தார் என்று ஒரு கூட்டம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நல்ல காபியைக் கொடுத்தால் ஏலக்காயைத் தேடுவார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் படித்த பள்ளிக்கூடத்தையும் சேர்ப்பார்கள். தொண்ணூற்று மூன்றாம் வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த இனத்தின் நன்கு முற்றிய உருப்படி ஒன்று இருந்தது. பெயர் சம்பத். அங்கே ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேனேஜர்.

வந்த வேலை சின்னது. பக்கத்து ஊரான பாடியில் தகடு அடிக்கிற பட்டறை. பிரஸ் மெஷின்கள் போடுகிற சத்தத்தில் காதருகே கத்தினாலும் கேட்காது. அதனால் ஒவ்வொரு மெஷினுக்கும் மேலே நிறம் மாறும் விளக்கு. கண்ணாடி அறைக் கம்ப்யூட்டரிலிருந்து சூப்பர்வைசர் தாட்சாயிணி பச்சை போட்டால் ஓட்டு, மஞ்சள் போட்டால் பொறு, சிவப்பு போட்டால் நிறுத்து. புரோகிராம் எழுதும் அருள்செல்வி திரையில் மூன்று கட்டம் வரைந்து, கட்டத்துக்கு ஒரு கீ வைத்து, இரண்டே நாளில் முடித்துவிட்டாள்.

சம்பத் பார்த்தார். "நல்லா கீதும்மா. ஆனா, இது மட்டும் போதுமா?"

"மூணு கலர்தானே சார்?"

"பதினாறு கலர் காட்டுற மானிட்டர் வாங்கிகினு, மூணோட நிக்கிறதா?"

அவ்வளவுதான். சிவப்பில் நான்கு சாயல், அது நிலையாக எரியவா, விட்டுவிட்டு மினுக்கவா என்று ஒரு கேள்வி, மினுக்கினால் என்ன வேகம் என்று இன்னொரு கேள்வி, உள்ளே நுழைய ரகசியச் சொல், நுழைந்தால் வணக்கம், வெளியேறினால் நன்றி, நடுவில் கம்பெனிச் சின்னம் உருண்டு வருவதற்கு அரை நிமிடம் என்று இரண்டு நாள் வேலை இரண்டு மாதமாயிற்று. சம்பத் இளைத்துப்போனார். சந்தோஷத்தில்.

தொடக்க நாள். புதுச் சட்டையில் சம்பத் பக்கத்தில் நிற்க, தாட்சாயிணி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பத்து நிமிடம் ஆகவில்லை. நாலாம் மெஷினில் மேல் அச்சைப் பிடித்திருந்த போல்ட் கழன்று ஆடுவது அவள் கண்ணில் பட்டது. அதன் அடியில்தான் தங்கவேல் கைவிட்டுத் தகடு எடுத்துக்கொண்டிருந்தான். சிவப்பைத் தட்டினாள்.

'எந்தச் சிவப்பு?' என்று இங்கிலீஷில் கேட்டது திரை.

எதையோ தட்டினாள்.

'நிலையாகவா, மினுக்கவா?'

"சிவப்புன்னா சிவப்புதான்யா! ஆளோட கை போவப் போவுது, இது இன்னாத்த கேட்டுகினு கீது?"

"மினுக்க வேணான்னா, அம்புக்குறிய கீழே..." என்று தொடங்கினார் சம்பத்.

'நிச்சயமாகவா?' என்றது திரை.

தாட்சாயிணி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி மெயின் சுவிட்சை இறக்கினாள். பட்டறை இருண்டது.

"கரண்ட ஏன்க்கா புடுங்கினே?" என்று தங்கவேல் கையை எடுத்துக்கொண்டு திரும்பினான். முதுகுக்குப் பின்னால் அச்சு தொப்பென்று விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சம்பத் ஓடிவந்து அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"உடு சார்," என்றான் தங்கவேல். "பத்து வெரலும் கீது."

சம்பத் அன்றே அருள்செல்வியின் பழைய பிளாப்பியைக் கேட்டு வாங்கி, தன் கையாலேயே கம்ப்யூட்டரில் ஏற்றினார். மூன்று கட்டம், மூன்று கீ. சிவப்பைத் தட்டியதும் எல்லா விளக்குகளும் கேள்வி கேட்காமல் சிவந்தன.

திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒரு மாதம் கழித்து பஸ்ஸில் அருள்செல்வியிடம் சொன்னார்: "மூணுதாம்மா சரி. என் தப்புதான். ஆனா, அந்த மூணுக்கும் தனித்தனியா ஒரு மியூசிக் வெச்சா?"

அருள்செல்வி தான் இறங்கவேண்டிய கொரட்டூருக்கு இரண்டு ஸ்டாப் முன்பே இறங்கிவிட்டாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டுக் காலிங்பெல்லில் பன்னிரண்டு பறவைகள் முறைவைத்துக் கூவுவதாகவும், வந்தவர் அத்தனையையும் கேட்டு முடிக்கும்வரை நீங்கள் கதவைத் திறப்பதில்லை என்றும் தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.